அந்த அடி லேப்டாப்புக்கு அல்ல

"ஒடஞ்சா அவன் குடுத்துருவானாக்கும்? ஏஞ்சாமி, இதுக்குத்தான் காலேஜுக்குப் போனியா?"

லேப்டாப் வாங்கும்போதே, தவறி விழுந்தாலும் உடைந்தாலும் பழுது பார்த்துத் தரும் பிளான் ஒன்றையும் சேர்த்து வாங்கினேன். அதைக் கேட்டுத்தான் சித்தப்பா அப்படிச் சொல்லிச் சிரித்தார். அப்போது அவருக்கும் அப்பாவுக்கும் பேச்சு இருந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றுக்கு, புதுச்சத்திரத்தில் வீட்டிலிருந்தே வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன். லேப்டாப் போனால் வேலை போகும். வேலை போனால் மறுநாளே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

சித்தப்பாவின் மேச்சேரிக் கிடா ஒன்று எங்கள் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டில் புகுந்து தழையைத் தின்றது. அந்தத் தழை ஆட்டுக்கு விஷம். வாயில் நுரை தள்ளிச் செத்துப்போனது. வேலியைப் பிரித்துவிட்டது அப்பாதான் என்று சித்தப்பா முடிவு கட்டிவிட்டார். செத்த கிடாவைப் பின்னங்காலைப் பிடித்து இழுத்து வந்து எங்கள் வாசலில் வீசினார். நான் பக்கத்தில்தான் கட்டிலில் உட்கார்ந்து, லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்து வரைந்துகொண்டிருந்தேன்.

"அறுத்துத் தின்னுடா. இதுக்குத்தான வேலியப் பிரிச்சே?"

அண்ணனை அவர் 'டா' போட்டுப் பேசி நான் கேட்டது அன்றுதான். அப்பா அவர் சட்டையைப் பிடித்தார். சித்தப்பா அப்பாவின் தலையை முடியோடு பிடித்து, வாசலில் நின்றிருந்த அப்பாவின் லாரியின் பக்கப் பலகையில் மோதினார். ஒரு முறையோடு நிறுத்தவில்லை. அப்பாவின் உதடு கிழிந்து ரத்தம் தாடையில் வழிந்தது. அம்மா இருவருக்கும் நடுவே புகுந்து கீழே விழுந்தாள். அப்பா லாரி கேபினிலிருந்து ஜாக்கி திருகும் இரும்பு ராடை உருவிக்கொண்டு வந்தார்.

"இன்னைக்கு உன் மண்டையப் பொளக்காம உட மாட்டேன்."

ஓங்கி வீசினார். சித்தப்பா குனிந்தார். ராடு அவர் தலைக்கு மேலே வந்து என் மடிக்கு ஒரு சாண் தள்ளி, லேப்டாப்பின் மேல் இறங்கியது. திரை நொறுங்கி, கீபோர்டுக் கட்டைகள் பல்லைப்போலத் தெறித்தன. ஒரு சில்லு என் மணிக்கட்டைக் கிழித்தது. மறுபடி ஓங்கிய அப்பா என் ரத்தத்தைப் பார்த்துத்தான் நின்றார்.

சூரமங்கலத்திலிருந்த சர்வீஸ் சென்டருக்கு அப்பாவும் வந்தார். லாரிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டி எங்கே, எப்படி மோதியிருந்தாலும் இன்சூரன்ஸுக்குச் சொல்வது ஒன்றுதான்: மாடு குறுக்கே வந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா வீங்கிய உதட்டோடு சொல்லிவிட்டார்.

"மாடு மிதிச்சுப்போடுச்சுங்க சார்."

கவுண்டரில் இருந்தவர் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தார். நடுவில் ராடின் நீளத்துக்கு ஒரு பள்ளம்.

"ஏங்க, உங்க ஊர் மாட்டுக்கு இரும்புக் காலுங்களா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அப்பா ராடால் அடித்ததைச் சொன்னேன்.

"அப்ப வேணும்னே அடிச்சது. பிளான்ல வராதுங்க. காசு கட்டித்தான் சரி பண்ணணும்."

அவர் சொன்ன பழுதுச் செலவுக்கு இன்னொரு லேப்டாப்பே வாங்கிவிடலாம்.

"எங்கப்பா லேப்டாப்பை அடிக்கலைங்க."

"பின்ன யாரை அடிச்சாரு?"

அப்பா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார்.

பிளானின் நிபந்தனைகளை வீட்டில் வரி வரியாகப் படித்தேன். வேண்டுமென்றே செய்த சேதத்துக்குக் கிடையாது என்றிருந்தது. அப்பா உடைக்க நினைத்தது சித்தப்பாவின் மண்டையை. லேப்டாப்பின் மேல் பட்டது எதிர்பாராதது. அதுதானே விபத்து? நுகர்வோர் ஆணையத்தில் அப்படியே எழுதப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"கொல்லப்போனேன்னு எழுதி என்னைய ஜெயிலுக்கு அனுப்பறியா?" அப்பாவின் கை என் கன்னத்தில் இறங்கியது. காது அடைத்துக்கொண்டது. நான் அழவில்லை. "மாட்டக் கொண்டுபோய்ச் சாட்சி சொல்லச் சொல்றீங்களா?" என்றேன். இரண்டாவது அடி விழுந்தது.

கன்னம் வீங்கியபடியே சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அவர் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அப்பன் அனுப்புனானா?"

"இல்லைங்க சித்தப்பா. அன்னைக்கு அவரு யாரை அடிச்சாரு?"

"யாரை? என்னையத்தான். குனியாம இருந்திருந்தா நீ எனக்குக் கருமாதி சாப்பாடு தின்னிருப்பே."

"அதை இந்த போனைப் பார்த்துச் சொல்லுங்க. லேப்டாப் கேஸுக்கு வீடியோ எடுக்கணும்."

அப்போதுதான் என் கன்னத்தைப் பார்த்தார். அரிவாளைக் கீழே வைத்தார்.

"இதை வெச்சு நாளைக்கே நான் போலீஸுக்குப் போனா என்ன பண்ணுவே அம்மிணி?"

"போனா நீங்க அப்பா தலையை லாரில மோதுனதையும் சொல்லுவேன். அதையும் பார்த்தேன்."

அவர் போனைப் பார்த்து, அடக்க முடியாத ஆத்திரத்தோடு, ஆனால் ஒன்றும் கூட்டாமல் சொன்னார். "எங்கண்ணன் என்னையத்தான் அடிச்சான். புள்ளையோட லேப்டாப்ப அடிக்கலை. நான் குனிஞ்சுட்டேன்."

அங்கே வாசற்படியில் உட்கார்ந்தே, போனிலேயே ஆணையத்தின் இணையப் பக்கத்தில் புகாரை எழுதினேன். மாட்டுக் கதை பொய் என்பதையும், அதைச் சொன்னது யார் என்பதையும் மறைக்கவில்லை. அந்த வீடியோவையும் மணிக்கட்டுக் காயத்தின் படத்தையும் சேர்த்தேன். வக்கீல் யார் என்று கேட்டிருந்த இடத்தில், நானே வாதாடுகிறேன் என்று குறித்து, நாமக்கல் மாவட்ட ஆணையத்துக்கு அனுப்பிவிட்டேன்.