ரெண்டு தட்டு தட்டினால் பஸ் புறப்படும்

என் உதடு கிழிந்து வீங்கியிருந்த ஞாயிற்றுக்கிழமை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். குசினி அடுப்படியில் வழுக்கி விழுந்தேன் என்றேன். அது பொய். ஆராதனை முடிந்த கையோடு, கோயில் வாசலிலேயே சொன்ன பொய். இன்றைக்கு உண்மையைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். அடித்தது என் வீட்டுக்காரர். தூக்கத்தில், ரெண்டே ரெண்டு அடி.

கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை உரத்துப் பேசாத மனுஷன். கை நடுங்க ஆரம்பித்தபோது பார்க்கின்சன் வருத்தம் என்று டாக்டர் சொன்னார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டோம். ஆனால் தூங்கினால் அவர் வேறு ஆள். கத்துவார், உதைப்பார், கட்டிலிலிருந்து விழுவார். எழுப்பிக் கேட்டால் முழிப்பார். என் உதட்டைப் பார்த்த அன்று அழுதுவிட்டார்.

"என்னைய எங்கயாச்சும் முதியோர் இல்லத்துல விட்டுரு புள்ள. ஒரு நாளைக்கு ஒன்னயக் கொன்னுருவேன்" என்றார்.

கம்பளையிலிருந்து வந்த மகளும் அதுதான் சரி என்றாள்.

கிளினிக்கில் நடுக்கத்தை மட்டும்தான் சொல்லி வந்தேன். தூக்கத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. பேய் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். பேயைப் பற்றி டாக்டரிடம் என்ன சொல்வது? நம் ஜெபக்குழுவைக் கூப்பிட்டதும் நான்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவரை நடுவில் உட்காரவைத்து "வெளியே போ" என்று அதட்டினீர்கள். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என்னைச் சுடுகிறது. அன்றிலிருந்து என் ஜெபம் ஒன்றுதான். ஆண்டவரே, இவரை என்னிடமிருந்து பிரிக்காதேயும். இவருக்குள் இருப்பது என்னவென்று எனக்குக் காட்டும்.

லெந்து உபவாசக் காலத்தில் ஒரு மத்தியானம். சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் கண் அயர்ந்தார். நான் பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவர் கை எழும்பிக் கதிரையின் கையில் ஓங்கி அடித்தது. தட், தட். "ஹரி, யமு!" கொஞ்சம் பொறுத்து ஒரே ஒரு தட்டு. "மடுல்கெல்ல எறங்குங்க!"

சுளகு என் கையிலிருந்து நழுவியது. எனக்குத் தெரிந்த தட்டு அது. அந்தக் காலத்தில் அவர் மடுல்கெல்ல - கண்டி பஸ்ஸில் கண்டக்டர். தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் பஸ் நிற்கும், ரெண்டு தட்டினால் புறப்படும். "ஹரி, யமு" என்றால் சிங்களத்தில் "சரி, போவோம்". நான் தோட்டத்திலிருந்து கண்டிக்குத் தையல் படிக்கப் போன பெண். லயத்து வீட்டிலிருந்து மூச்சு வாங்க ஓடி வருவேன். என் மஞ்சள் குடை தூரத்தில் தெரிந்தால் அவர் தட்டவே மாட்டார். டிரைவர் ஏசுவார், பஸ்ஸே சிரிக்கும். நான் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்த ரெண்டு தட்டு விழும். அந்தச் சத்தத்தில்தான் எனக்கு அவர்மேல் ஆசை வந்தது. அதையா பேய் என்றேன்!

அடுத்த கிளினிக்கில் ஒன்றுவிடாமல் சொன்னேன். டாக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. "இதை ஏன் அம்மா முதலே சொல்லேல்லை? பேயுமில்லை, ஒண்டுமில்லை. இந்த வருத்தத்தோட வாற நித்திரைக் குழப்பம். கனவில செய்யிறதை உடம்பும் செய்யுது" என்றார். படுக்கும்போது போட ஒரு குளிசை தந்தார். மெத்தையைத் தரையில் போட்டு, அலுமாரியைத் தள்ளி வைத்து, என்னையும் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொன்னார்.

நடுக்கம் போகவில்லை. போய்விட்டது என்று சொன்னால் அது இரண்டாவது பொய். ஆனால் அவர் தூங்குகிறார், நானும் தூங்குகிறேன். மகள் இப்போது இல்லத்தைப் பற்றிப் பேசுவதில்லை. உங்கள் வீட்டிலும் வெட்கப்பட்டு மூடி வைத்தது ஏதாவது இருந்தால் ஆண்டவரிடம் சொல்லுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். ரெண்டு பேரிடமும் ஒரே கதையைச் சொல்லுங்கள். ஆண்டவர் கைவிட மாட்டார்.

போன வாரம் மத்தியானத் தூக்கத்தில் அவர் கை மறுபடியும் எழும்பியது. தட்டப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டவில்லை.

"கொஞ்சம் பொறுங்கண்ணே" என்றார் டிரைவரிடம். "அந்தப் புள்ள ஓடி வருது."

அதைக் கேட்க என்னை அவர் பக்கத்திலேயே வைத்திருக்கிற ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.