அரக்கு முத்திரையிட்ட நாற்பத்தெட்டாம் இதழ்

நான் சீமையிலிருந்து ஊர் திரும்பியபோது எங்கள் பேட்டையான காஜா பெராங்கில் எல்லோரும் ஏலம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாடு சுதந்திரம் அடைந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தோட்டத் துரைமார்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். கப்பலில் ஏற்ற மனமில்லாததை எல்லாம் இங்கேயே தள்ளிவிட்டுப் போனார்கள். புதிதாகப் பிறந்த ஒரு நாட்டின் மக்கள் என்னென்னவோ செய்துகொண்டிருப்பார்கள் என்று கப்பல் தளத்தில் நின்று நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் தெருக்காரர்கள் ஏதோ ஒரு துரையின் குடைத் தாங்கியை ஏலத்தில் எடுத்து, நடுக்கூடத்தில் வைத்து, அதற்குப் பொட்டிட்டிருந்தார்கள்.

குடைத் தாங்கியிலாவது குடை வைக்கலாம். அந்த வருஷம் ஊரில் அதிகம் அடித்துக்கொண்டது துரைமார் பிள்ளைகள் படித்துப் போட்ட காமிக்ஸ் புத்தகங்களுக்காக. சிங்கப்பூரில் ஒரு வெள்ளைக்காரன் இவற்றைப் பத்து மடங்கு விலைக்கு வாங்குகிறானாம். அந்த வெள்ளைக்காரனை யாரும் பார்த்ததில்லை. அவன் பெயரும் யாருக்கும் தெரியாது. அது போதுமானதாக இருந்தது.

ஏலக்காரர் பொன்னுதுரை முன்பு சினிமாக் கொட்டகை வாசலில் நின்று படத்தின் பெயரைக் கூவியவர். இப்போது காஜா பெராங்கில் ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தார். காமிக்ஸைக் கண்ணாடித் தாளில் சுற்றி, சிவப்பு அரக்கை உருக்கி முத்திரை வைத்து விற்பது அவர் கண்டுபிடிப்பு. முத்திரை உடையாத புத்தகம் 'புதுசு'. உடைந்தால் கடலை மடிக்கிற காகிதம். படிப்பதற்காக அச்சடித்த ஒன்றைப் படித்தால் மதிப்புப் போய்விடும் என்று அவர் சொன்னார். ஊரும் தலையாட்டியது.

தலையாட்டாத ஒரே ஆள் எதிர்வீட்டு ஜெயபாலன். ஊருக்கு வெளியே புக்கிட் காதிலில், கித்தா எனப்படும் ரப்பர் ஆலை ஒன்றில் எடை போடுகிறவர். கித்தாவைப் பிழியும் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே எடையைக் கத்திக் கத்தி, அவருக்குக் கூரையைத் தூக்குகிற குரல் வந்துவிட்டது. நடுவயதிலும் அவருக்குக் காமிக்ஸ் பித்து. ஒரு தோட்ட பங்களாவைக் காலி செய்தபோது கட்டாக எடுத்த ஒரு தொடரின் நாற்பத்தேழு இதழ்கள் அவரிடம் இருந்தன. செம்புத் தலைக்கவசம் போட்ட ஒரு முக்குளிப்பவனின் கதை. நாற்பத்தேழாவது இதழின் கடைசிப் படத்தில் அவன் மூழ்கிய கப்பலுக்குள் மாட்டிக்கொள்கிறான். காற்றுக் குழாயை எவனோ அறுத்துவிடுகிறான். அதோடு தொடரில் மிச்சம் ஒரே இதழ், நாற்பத்தெட்டு. ஜெயபாலனைப் பொறுத்தவரை அந்த மனிதன் இரண்டு வருஷமாக மூச்சை அடக்கிக்கொண்டு தண்ணீருக்குள் கிடந்தான்.

"விலைக்கு விக்கிறதுக்கு இல்ல தங்கச்சி," என்பார் என்னிடம். "என்னா ஆனான்னு தெரிஞ்சா போதும். படிச்சிட்டுத் தூங்கிடுவேன்."

அந்த ஊரில் நான் கேட்ட ஒரே நியாயமான பேச்சு அதுதான். அதனால்தான் பின்னால் நடந்ததைப் பார்க்க எனக்கு அவ்வளவு எரிச்சலாக இருந்தது.

நாற்பத்தெட்டாம் இதழ் முதலில் பொன்னுதுரையிடம்தான் வந்தது. அவருடையது எல்லோருக்கும் தெரிந்த கூவல் ஏலம். ஒருவர் கேட்க, அடுத்தவர் ஏற்ற, கடைசியில் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். யார் நம்மைத் தோற்கடிக்கிறார் என்று கண்ணால் பார்க்கலாம் என்பது இதிலுள்ள நன்மை. நம் முகத்தையும் அவர்கள் பார்க்கிறார்கள் என்பது ஜெயபாலனுக்குத் தெரியவில்லை. ஆசை வந்தால் அவருக்குக் காது சிவந்துவிடும்.

"பத்து வெள்ளி! ஒரு தரம்... ரெண்டு தரம்... இருங்கப்பா, காது செவந்தவரு ஒருத்தரு இருக்காரே, அவரு விடமாட்டாரே!"

கொட்டகையே சிரித்தது. அவர் காது சிவக்கச் சிவக்க, புத்தகத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள்கூட விலையை ஏற்றினார்கள். துணிக்கடை ஷரீஃபுதீன் எடுத்தார். அவர் ஆங்கிலம் படிக்கமாட்டார். முத்திரையை விரலால் தடவிப் பார்த்து, சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

அன்று ஜெயபாலன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்க்கச் சகிக்காமல் நான் சொன்னேன்:

"பாலண்ணே, அந்தப் புத்தகத்த நான் படிச்சிருக்கேன். லண்டன்ல பல் டாக்டருக்குக் காத்திருந்தப்ப கெடந்துச்சு. முடிவு சொல்லவா?"

சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "வேணாம் தங்கச்சி! சொல்லிடாத! நானே படிக்கணும்!"

உங்களிடம் சொல்வதில் எனக்குத் தடையில்லை. கடைசிப் பக்கத்தில் முக்குளிப்பவன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து தேநீர் கேட்கிறான். கப்பல், எதிரி, அறுந்த குழாய் எல்லாம் கனவு. அதைப் படித்துவிட்டு நான் இதழை நாற்காலியிலேயே போட்டுவிட்டுப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போனேன். பல் பிடுங்கியது அதைவிடச் சுவாரசியமாக இருந்தது.

ஷரீஃபுதீன் சிங்கப்பூர் வெள்ளைக்காரனைத் தேடி அலுத்து, புத்தகத்தைத் தெங்கேராவில் கணேசமூர்த்தி நடத்திய டெண்டருக்கு அனுப்பினார். கணேசமூர்த்தி ஓய்வு பெற்ற குமாஸ்தா. கூவல் ஏலம் மாட்டுச் சந்தைக்குரியது என்பது அவர் கட்சி. அவரிடம் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. ஆளுக்கு ஒரு சீட்டு, ஒரே விலை. எழுதி, மடித்து, டின்னில் போட்டுவிட வேண்டும். சனிக்கிழமை திறந்து, அதிகம் எழுதியவருக்குக் கொடுப்பார். காது சிவப்பதை டின் பார்க்காது. ஜெயபாலனுக்குச் செய்தது போன்ற ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்தேன்.

அவர் அந்த வாரம் முழுக்கச் சாப்பிடாமல் கணக்குப் போட்டார்.

"ஷரீஃபுதீன் என்னா வெல எதிர்பாப்பாரு? அவரு எதிர்பாக்கறத மத்தவன் எவ்ளோன்னு நெனப்பான்? அவன் நெனக்கிறத நான் நெனப்பேன்னு அவனுக்குத் தெரியுமில்ல?"

"ஒங்களுக்கு அது எவ்ளோ பெறும்னு எழுதுங்கண்ணே. அவ்ளோதான்."

"அப்படி எழுதினா ஏமாந்துடுவோம் தங்கச்சி."

இரண்டு வருஷம் தூக்கம் கெட்டவர், தனக்கு அந்தப் புத்தகம் பெறும் விலையில் பாதியை எழுதிப் போட்டார். ஒரு பல்சரக்குக் கடைக்காரர் ஜெயித்தார். "தெரிஞ்சிருந்தா ஒரு வெள்ளி சேத்துப் போட்டிருப்பேனே" என்று டின்னைப் பார்த்துக்கொண்டே நின்றார் ஜெயபாலன். கணேசமூர்த்தி மிகக் கண்ணியமாக அவருடைய சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

பல்சரக்குக் கடைக்காரரும் படிக்கவில்லை. ஒரு மாதம் அரிசிப் பானைக்குள் வைத்திருந்துவிட்டு, ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் கடை வைத்திருந்த நாகூர் மீரானிடம் விற்கக் கொடுத்தார். நாகூர் மீரான் மீன் மொத்த வியாபாரத்தில் இருந்தவர். படகுத்துறையில் செய்வதையே கடையிலும் செய்தார். முக்காலியில் உட்கார்ந்திருப்பார்; ஆசைப்பட்டவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து அவர் காதில் விலையைச் சொல்ல வேண்டும். அவர் முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அசையாது. எல்லோரும் சொல்லி முடித்ததும் ஒருவரைப் பார்த்து விரலை நீட்டுவார். அந்தக் காதை நம்பினால் இதைவிட ஒழுங்கான முறை இல்லை. அது நாணயமான காது என்று ஊரே சொன்னது.

ஆனால் காதில் சொல்ல ஒரு குரல் வேண்டும். கித்தா ஆலையில் பதினைந்து வருஷம் கத்திய ஜெயபாலனிடம் அது இல்லை. அவருக்கே தெரியும். அதனால் ஒரு திட்டத்தோடு வந்தார்: பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் உச்சிக்கால மணி அடிக்கும்போது சொல்லிவிடுவது. வரிசையில் நின்று, சிலரை முன்னே விட்டு, மணி தொடங்கியதும் பாய்ந்து குனிந்தார். மூச்சை இழுத்தார். மணி நின்றது.

"நாப்பது வெள்ளி!"

தெருவில் போன ரிக்‌ஷாக்காரர் திரும்பிப் பார்த்தார். வரிசையில் கடைசியாக நின்ற ஷரீஃபுதீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்து, பாயின் காதில் என்னவோ சொன்னார். விரல் அவர் பக்கம் நீண்டது.

"பாய், நான் காதுலதானே சொன்னேன்?" என்றார் ஜெயபாலன், அழாத குறையாக.

"காதுலதான் சொன்னே தம்பி. எல்லாரு காதுலயும் சொன்னே."

ஆக, புத்தகம் மூன்று ஏலத்தைச் சுற்றி மறுபடி ஷரீஃபுதீனிடமே வந்தது. முன்பு தான் விற்றதைவிட அதிகம் கொடுத்து வாங்கியிருந்தார். அதைப் பற்றி அவருக்குப் பெருமை. "வெலை ஏறுது பாத்தியா?" என்று காப்பிக்கடையில் எல்லோரிடமும் சொன்னார். ஏற்றியதே அவர்தான் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

அந்தக் காப்பிக்கடையில்தான் பொன்னுதுரை என்னைப் பிடித்தார். டெண்டருக்கும் காதுக்கும் ஆட்கள் போய்விட்டதால் அவர் கொட்டகையில் கூட்டம் குறைந்திருந்தது.

"ஏம்மா சந்திரமதி, சீமை எல்லாம் சுத்திட்டு வந்திருக்கே. அங்க எப்படி ஏலம் போடுறான்?"

ஹாலந்தில் பூச்சந்தையில் பார்த்ததைச் சொன்னேன். விலை மேலிருந்து இறங்கும். முதலில் குரல் கொடுப்பவனுக்குச் சரக்கு. ஒரே குரல், அத்தோடு முடிந்தது. பூ சாயந்திரத்துக்குள் வாடிவிடும் என்பதால் அங்கே அந்த அவசரத்துக்கு ஓர் அர்த்தம் இருந்தது. அந்தப் பகுதியைப் பொன்னுதுரை காதில் வாங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கொட்டகையில் 'சீமை ஏலம்' என்று பலகை தொங்கியது. முதல் சரக்கு, ஷரீஃபுதீன் விற்கக் கொடுத்த நாற்பத்தெட்டாம் இதழ்.

இறங்குகிற ஏலத்தில் ஒரு விஷயம்தான் தேவை: வாயை மூடிக்கொண்டிருப்பது. நான் ஜெயபாலனுக்கு விளக்கமாகச் சொல்லிவைத்தேன். "மொதல்ல சொல்ற வெலை வெறும் பந்தாண்ணே. பாதிக்குக் கீழ வர்ற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க." சத்தியம் செய்தார்.

பொன்னுதுரை மேடையேறித் தொண்டையைச் செருமினார். "எண்பது வெள்ளி—"

"எனக்கு!"

இரண்டாவது விலையைச் சொல்ல வாயைத் திறந்த பொன்னுதுரை அப்படியே நின்றார். கூட்டம் ஒரு கணம் புரியாமல் பார்த்தது. பிறகு பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தது. ஐம்பது கிடைத்தாலே போதும் என்றிருந்த ஷரீஃபுதீன் எழுந்து வந்து ஜெயபாலனைக் கட்டிக்கொண்டார்.

"என்னண்ணே பண்ணிட்டீங்க?" என்றேன்.

"வேற யாராச்சும் சொல்லிட்டா?" என்றார். காது இரண்டும் மிளகாய்ப் பழமாக இருந்தது.

கையில் இருந்தது நாற்பது. மீதிக்குச் சைக்கிளைப் பொன்னுதுரையிடமே ஈடாக விட்டார். புத்தகத்தைக் கொடுக்கும்போது பொன்னுதுரை அவர் தோளில் கை போட்டுச் சொன்னார்:

"தொறந்துடாதப்பா. எண்பது வெள்ளிச் சாமான். முத்திரை ஒடஞ்சா எட்டுக் காசு."

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

வீட்டு வாசலில் அவர் மனைவி சீதா இடுப்பில் கை வைத்து நின்றாள். வாராவாரம் அந்தச் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துதான் அவள் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போவாள்.

"சைக்கிள் எங்க?"

"புத்தகம் வந்திருச்சு சீதா."

"சரி, நாளைக்குப் புத்தகத்து மேல ஏறி வேலைக்குப் போங்க."

நடந்துதான் போனார், புக்கிட் காதில் வரைக்கும். இருட்டோடு கிளம்பி, இருட்டோடு திரும்பினார். புத்தகத்தைத் தலையணைக்கடியில் வைத்திருப்பதாகச் சீதா சொன்னாள். படிக்கவில்லை. ஒருநாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"பசியாறிட்டியா தங்கச்சி?"

"ஆச்சு. சொல்லுங்கண்ணே."

"நீ படிச்சிருக்கேன்னு சொன்னியே... முடிவு மட்டும் லேசா சொல்லேன். முத்திரைய ஒடைக்க வேணாம் பாரு."

காதைப் பொத்திக்கொண்ட அதே மனிதர்! நான் உள்ளே போய், எலுமிச்சை நறுக்குகிற கத்தியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"போயி முத்திரைய வெட்டிட்டுப் படிங்க. பத்து நிமிஷம்கூட ஆகாது."

 "எண்பது வெள்ளிச் சாமானாச்சே," என்று முனகிவிட்டுப் போய்விட்டார். கத்தியைத் தொடவில்லை.

கால் கொப்புளித்து, சீதா இரண்டு வாரம் பேசாமல் இருந்த பிறகு, சைக்கிளைத் திரும்ப வாங்குவதற்காகப் புத்தகத்தைப் பொன்னுதுரையிடம் விற்கக் கொடுத்தார். அந்த ஞாயிறு நானும் போயிருந்தேன். கூட்டத்தில் ஒரே பெண் நான். இடம் விட்டு உட்கார்ந்தார்கள். ஜெயபாலன் முன் பெஞ்சில் கையைத் தொடைக்கடியில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எண்பது என்றார் பொன்னுதுரை. ஒருவரும் அசையவில்லை. எழுபது. அறுபது. சிங்கப்பூர் வெள்ளைக்காரன் பேச்சு அதற்குள் ஆறிப்போயிருந்தது. ஊர் இப்போது பழைய கிராமபோன் தட்டுகளுக்குத் தாவியிருந்தது. நாற்பத்தைந்தில் ஷரீஃபுதீன் கொட்டாவி விட்டார். நாற்பது என்றபோது அவர் லேசாக நிமிர்ந்தார். ஜெயபாலன் அதைப் பார்த்தார். காது சிவந்தது.

"முப்பத்தஞ்சு—"

"எனக்கு!"

சொன்னவர் ஜெயபாலன்.

பொன்னுதுரை சுத்தியலைக் கீழே வைத்தார். "யோவ் பாலா, இது ஒன் சாமான்யா!"

"தெரியும். எனக்குத்தான்."

"வித்தவனும் நீ, எடுத்தவனும் நீ. என் தரகு?"

அதையும் கொடுத்தார். சைக்கிள் சுவரோரமாகச் சாய்ந்து நின்றது. அதன் பக்கம் திரும்பாமல், புத்தகத்தை முத்திரை நசுங்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். நானும் பின்னால் நடந்தேன். திட்டுவதற்கு வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனேன்.

கொட்டகையைத் தாண்டியதும் அவர் நின்று, எனக்காகக் காத்திருந்து, மூச்சு வாங்கச் சொன்னார்:

"நல்ல வேள தங்கச்சி. இன்னும் அஞ்சு வெள்ளி எறங்கியிருந்தா அந்த ஷரீஃபுதீன் தட்டிட்டுப் போயிருப்பான்."