என் பெருமையை நானே சொல்ல வேண்டுமாம்

மெல்போர்ன் வந்த புதிதில், ஃபாக்டரியில் என்னோடு வேலை பார்த்த லிண்டா ஒருநாள் கேக் சுட்டுக்கொண்டு வந்தாள். டப்பாவைத் திறக்கும் முன்பே, "பிரமாதமாக வந்திருக்கிறது, கேக் சுடுவதில் நான் கெட்டிக்காரி" என்றாள். எனக்குப் பகீரென்றது. எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒருத்தி கறிக்குழம்பு கொண்டுவந்தால், "உப்பு ஒறப்பு எப்படி இருக்கோ, கோவிச்சுக்கிறாதீக" என்று சொல்லித்தான் தூக்குவாளியை நீட்டுவாள். ருசியைச் சொல்ல வேண்டியது சாப்பிட்டவள் பொறுப்பு. தன் குழம்பைத் தானே மெச்சிக்கொண்டால், தெரு முழுக்க அன்றைக்கு அவள் பேச்சுத்தான்.

கல்யாணத்துக்கு முன்னால், எண்பதுகளில், அங்கே ஒரு நெசவு நூல் கடையில் கணக்கு எழுதினேன். வாசலில் லோடு இறங்கிக்கொண்டிருக்கும். உள்ளே நிற்க இடமிருக்காது. எதிர்க்கடைக்காரர் வந்து, "என்ன அண்ணாச்சி, யாவாரம் எப்படி?" என்பார். முதலாளி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "எங்க, ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன்" என்பார்.

"சும்மா சொல்லாதீக, டவுனுலயே ஒங்க கடைதான் ஓடுதுங்கிறாக."

"அப்பிடியா சொல்றாக?" என்று முதலாளி உடனே டீ வாங்கிவரச் சொல்வார். இவர் மறுக்க வேண்டும், அவர் விடாமல் புகழ வேண்டும். அதுதான் மரியாதை. இந்தக் கலையில் நான் கரை கண்டவள்.

அந்த அரிய பயிற்சியோடுதான் தொண்ணூறுகளில் எங்கள் மேனேஜர் கெவின் முன்னால் போய் உட்கார்ந்தேன். பெட்ஷீட் தைக்கும் அந்த ஃபாக்டரியில், பேக்கிங் பிரிவுக்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டியிருந்தது. பகல் ஷிஃப்ட். எனக்கோ அதுவரை சாயங்கால ஷிஃப்ட். நான் வீடு திரும்பும்போது மகள் தூங்கியிருப்பாள். கணவர், மகள், நான், மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சோறு தின்ன ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். அந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும் என்றிருந்தது.

"உங்கள் பலம் என்னென்ன?" என்று கேட்டார் கெவின்.

"பெரிதாக ஒன்றுமில்லை. எல்லாரும் செய்கிறார்கள், நானும் கூட நிற்கிறேன்" என்றேன். சொல்லிவிட்டு அடக்கமாகத் தரையைப் பார்த்தபடி காத்திருந்தேன். 'சும்மா சொல்லாதே, சரக்கு ஒழுங்காகப் போவதே உன்னால்தானே' என்று அவர் ஆரம்பிக்க வேண்டிய இடம் அது. மகராசன் ஆரம்பிக்கவில்லை. "ஓ... வேறு ஏதாவது?" என்றார். சரி, இன்னொரு தடவை மறுக்கச் சொல்கிறார் போல என்று, "எனக்கு என்ன தெரியும், ஏதோ ஓடுகிறது" என்றும் சேர்த்துக்கொண்டேன். இவ்வளவு நேர்மையாகப் பேசியதற்கு நன்றி சொல்லிக் கைகுலுக்கி அனுப்பிவைத்தார்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். இங்கே இருக்கிறவர்களுக்குச் சிரிப்பு வராது.

வேலை கிரெய்க்குக்குப் போனது. அவனுக்குப் பெட்டி மடிக்கவே நான்தான் சொல்லிக்கொடுத்தேன். தலைமைப் பண்பு தன் ரத்தத்திலேயே இருப்பதாகச் சொன்னானாம். பாத்ரூமில் போய் அழுதேன். கணவர் ஆறுதல் சொன்னார்: "ஒனக்கு வாயெல்லாம் வீட்டுலதான்."

கிரெய்க்கின் ரத்தம் அடுத்த வருஷமே வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. மறுபடி கெவின், மறுபடி அதே கேள்வி. "நான் பார்த்து அனுப்பிய சரக்கு திரும்பி வந்ததில்லை. சண்டைக்காரர்களைச் சேர்த்துவைத்து வேலை வாங்க எனக்குத் தெரியும். இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் இங்கே இல்லை" என்றேன். வெட்கத்தில் காது சுட்டது. சொன்னது அத்தனையும் உண்மை, ஆனாலும் பொய்ச்சாட்சி சொல்கிறவள் மாதிரி உள்ளங்கை வேர்த்தது. கெவின் சிரித்தார். "இதைப் போன வருஷமே சொல்லியிருக்கலாமே?"

முதல் பகல் ஷிஃப்ட் முடிந்த சாயங்காலம் ஊருக்குப் போன் போட்டேன். "அப்பா, நான் சூப்பர்வைசர் ஆயிட்டேன். நல்லாச் செய்யிறேன்னு நானே சொல்லி வாங்குனேம்ப்பா."

அந்தப் பக்கம் அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மெதுவாச் சொல்லு தாயி. பக்கத்துல யாரும் இருக்காகளா?" என்றார்.

பக்கத்தில் கணவரும் மகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் தட்டிலும் சோறு போட்டிருந்தது. எங்களைத் தவிர அந்தத் தெருவில் தமிழ் தெரிந்த ஒரு ஜீவன் கிடையாது. ஆனாலும் எட்டி ஜன்னலைச் சாத்தினேன். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "யாரும் இல்லப்பா. நல்லாத்தான் செய்யிறேன்" என்று ரகசியமாகச் சொன்னேன்.