அண்ணன் கொண்டுவந்த ஈசல் பொரி

எங்கள் அண்ணன் கண்மூடி ஓராண்டு ஆகிறது. முதலாண்டு நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொல்லி அண்ணி நோட்டைக் கொடுத்து ஒரு மாதமாகிறது. உட்கார்ந்தால் அலுப்பு, எழுதினால் அழுகை. இருந்தாலும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

அண்ணன் பிறந்தது, உழைத்தது எல்லாம் ஏம்பலத்தில்தான். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினைந்து வயது, எனக்கு ஆறு. கரும்பு வெட்டப் போய் என்னைக் காப்பாற்றினார். கறி, மீன் பார்க்காத வீட்டில், மழை விட்ட சாயங்காலம் புற்றருகே விளக்கு வைத்து ஈசல் பிடித்து வருவார். வறுத்து, இறகு போகப் புடைத்து, பொரியோடு கலந்தால் முதல் கை எனக்குத்தான். வசதி வந்த பிறகும் அவர் அதை விடவில்லை, அவ்வளவு பிடிக்கும்.

என்னை வில்லியனூரில் கடைக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்தார். மூத்தவன் பிறந்த வருடம் ஒரு தூக்கு நிறைய ஈசல் பொரி கொண்டுவந்தார். கடையில் ஆட்கள் நின்றார்கள். மாமியார் மூடியைத் திறந்து, "இன்னாமா இது?" என்றார். எனக்கு மானம் போனது.

"கோழிக்குத் தீனி, அத்தை" என்றேன்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "ஆமாம்மா, கோழிக்குத்தான்" என்று மூடியை அழுத்தினார். அதன்பின் இருபது வருடம் அவர் வந்தபோதெல்லாம் கையில் வாழைப்பழச் சீப்புதான். ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. பாழாய்ப்போன என் நாக்கு!

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து நான் ஓய்ந்துபோனேன். ஒருநாள் கேட்டார்: "ஈசல் கெளம்பிச்சாடி? வாய்க்கு ஒண்ணும் புடிக்கல." முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது. வராந்தா லைட்டடியில் இறகு குப்பையாகக் கிடந்தது. தேடிப்போகத் தெம்பில்லாமல், "மழையே வல்லண்ணா, தூங்கு" என்றேன். மூன்றாம் நாள் போய்விட்டார்.

காரியத்தன்று அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்துப் படைத்தோம். வடை, கருவாட்டுக் குழம்பு, பீடிக்கட்டுகூட இலையில் இருந்தது. ஈசல் மட்டும் இல்லை. சொந்தக்காரர்கள் சிரிப்பார்களே என்று நான் வாய் திறக்கவில்லை.

போன வாரம் மழை விட்டதும், வருஷப் படையலுக்கு ஈசல் பிடித்துத் தரும்படி அண்ணன் மகனிடம் கேட்டேன். "இன்னா அத்தை, எல்லார் முன்னாடியும் இதையா வைக்கிறது?" என்று முணுமுணுத்தான், ஆனாலும் ஒரு படி பிடித்துக் கொடுத்தான். வீட்டுக்குக் கொண்டுபோய் மாமியாரிடம் அன்று சொன்ன கோழித் தீனிப் பொய்யை ஒப்புக்கொண்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி! நான் எங்க ஊரு சுத்துக்கேணில இன்னாத்த துன்னு வளந்தேன்னு நெனச்ச? மூடியத் தெறந்ததுமே வாசம் தெரிஞ்சிது. வாய் ஊறிச்சி. நீயே கோழிக்குன்னுட்ட, ஆளுங்க வேற நிக்கறாங்க, நான் எப்பிடிடி கேக்கறது?"

எங்கள் இரண்டு பேர் வெட்கத்துக்கும் நடுவில் அண்ணன் தூக்கை எடுத்துக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் ஆட்டோ கொண்டுவந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உட்கார்ந்து ஈசல் வறுத்துத் தந்த என் மாமியாருக்கும் நன்றி. இந்த மலரை நீங்கள் பிரிக்கும்போது அது படையல் இலையில் இருக்கும். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், வெட்கப்பட எனக்கு இனித் தெம்பில்லை.

சாப்புடுண்ணா. இது கோழிக்கில்ல.