பன்னிரண்டு வருஷத்து அனுபவ பாத்தியதை

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், எங்கள் ஊர் நூலகத்தை ஒட்டிய அறையில், ஏழு பழைய கம்ப்யூட்டர்களை வைத்து ஊர்ப்பொதுவில் ஒரு மையம் நடத்தினோம். பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவதும் பட்டா நகல் எடுப்பதும் அங்கேதான். நான் அரசுப் பள்ளி ஆசிரியை என்பதால் என் தலையில் செயலாளர் பதவியைக் கட்டிவிட்டார்கள். உள்ளே இருந்த மென்பொருள் முழுக்கத் திருட்டுச் சரக்கு, செல்போன் கடைக்காரர் ஒரே பென்டிரைவிலிருந்து ஏற்றியது. திரையின் மூலையில் இது அசல் அல்ல என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எப்போதும் நிற்கும். யாராவது கேட்டால் அது கம்பெனி பேர் என்று சொல்லிவிடுவேன்.

ஆறு வருஷம் கழித்து அந்த மென்பொருள் கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பதினைந்து நாளில் லைசென்ஸைக் காட்டவும், தவறினால் வழக்கு. என் மேல் வழக்கு விழுந்தால் வேலைக்கு உலை.

எங்கள் மையத்தின் தலைவர் ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ. அவரைப் பொறுத்தவரை உலகத்தில் பட்டா நிலம், புறம்போக்கு என்று இரண்டே வகைதான்.

"லைசென்ஸ்னா என்னங்க, பட்டாதானே? பதில நான் எழுதிக்கிறேன். நீங்க மெஷினப் பாருங்க டீச்சர்."

பார்த்தேன். ஒரு வாரம் பள்ளி விட்டதும் ஓடிவந்து, எல்லாவற்றையும் அழித்து, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை ஏற்றினேன். நடுவே அவர் ஒரு தாளை நீட்ட, படிக்காமலே கையெழுத்துப் போட்டுத் தொலைத்தேன். கேள்வியைப் படித்துவிட்டு எழுது என்று பிள்ளைகளைத் தினமும் திட்டுகிறவள் நான்.

பதிவுத் தபாலில் போன பிறகுதான் நகலைப் பார்த்தேன். 'மேற்படி மென்பொருளைப் பன்னிரண்டு வருஷங்களாக, யாதொரு ஆட்சேபணையுமின்றி, ஊரறிய அனுபவித்து வருவதால், அனுபவ பாத்தியதைப்படி அது எங்களுக்கே சொந்தம்.' கீழே நான்கெல்லை வேறு: வடக்கே நூலகம், கிழக்கே வாய்க்கால். அதற்கும் கீழே என் கையெழுத்து, முத்திரையோடு.

"சார், நாம ஆறு வருஷந்தானே திருடினோம்?"

"சட்டத்துக்குப் பன்னெண்டு வேணும் டீச்சர்."

அந்த மனுஷனைக் கிழக்கெல்லையில் தள்ளிவிடலாமா என்றிருந்தது.

அடுத்த மாதம் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். ஏழு கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் இருப்பதைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து எங்கள் கடிதத்தை எடுத்தார்.

"இது உங்க கையெழுத்தா மேடம்?"

"ஆமாங்க." என் வேலை அந்த நிமிஷமே போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

"அந்த மெயில் எல்லாருக்கும் பொதுவா அனுப்புறதுங்க. யாரும் பதில் போட மாட்டாங்க. நீங்களும் போடலன்னா இப்படி ஒரு ஊர் இருக்கறதே எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது." தலைவர் பக்கம் திரும்பினார். "எழுதினது நீங்களா சார்?"

"நான்தான். எதுல தப்பு?" கொஞ்சமும் வெட்கமில்லை.

"தப்பில்லீங்க. சீர்காழியில எங்கப்பா பத்து வருஷமா குடியிருக்கற இடத்தக் காலி பண்ணச் சொல்றாங்க. இதே மாதிரி ஒண்ணு எழுதித் தர்றீங்களா? ரிப்போர்ட்ல லினக்ஸ்னு மட்டும் போட்டுக்கறேன்." கடிதத்தை என் மேஜையில் வைத்தார்.

"நாலெல்லை சொல்லுங்க" என்று தலைவர் பேனாவைத் திறந்தார்.

எழுதி முடித்ததும் சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினார். இந்தமுறை ஒரு வரி விடாமல் படித்தேன். பத்தைப் பன்னிரண்டாக்கியிருந்தார்.

கையெழுத்துப் போட்டேன்.