ஈயம் இல்லாத பெட்ரோல்

அந்தக் கண்ணாடி ஜாடி அரை லிட்டர் பிடிக்கும். நீடாமங்கலம் சாலையில் இருந்த பெட்ரோல் பங்கில், தினமும் காலையில் அதில் பெட்ரோல் பிடித்து, மிதவையை இறக்கி, அடர்த்தி பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை. வேதியியலில் பட்டம் வாங்கி, வேறு வேலை கிடைக்காமல் அங்கே மேலாளராகச் சேர்ந்திருந்தேன். ஜாடியை நிரப்பிக் கொடுப்பவர் அக்கா. எனக்கு உறவில்லை; பங்கில் எல்லோருக்கும் அவர் அக்கா. நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தவர், கணவர் வளைகுடாவுக்குப் போன பிறகு, ஆற்றில் தண்ணீர் வராத ஒரு வருடம் இங்கே வந்து சேர்ந்தார். தலைக்கு மேல் கூரை, மாதச் சம்பளம், முதுகை வளைக்க வேண்டாம். அதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

ஒருநாள் ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இதுல என்னதான் தம்பி இருக்கு?" என்று கேட்டார். எனக்குக் குஷி வந்துவிட்டது. பெட்ரோல் ஒரு பொருளே அல்ல, நூற்றுக்கணக்கான பொருள்களின் கலவை, பெரும்பாலும் கரியும் ஹைட்ரஜனும் விதவிதமாகக் கைகோத்தவை என்றேன். பென்டேன், ஹெக்சேன், ஹெப்டேன், ஆக்டேன் என்று அடுக்கினேன். வளையமாக இருப்பவை தனிக் குடும்பம். பென்சீன், டொலுயீன், சைலீன். அந்த வாசனையில் பாதி அவற்றுடையது என்றேன். "பேரெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தார். பென்சீன் ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும் என்பதும் என் பாடப்புத்தகத்தில் இருந்தது. அதைச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். தோன்றியது, விட்டுவிட்டேன்.

லாரி வந்து இறக்கும்போது தொட்டியின் வாயருகே நின்று அளவுகோலை விட்டு எடுப்பவர் அக்காதான். கோலைக் கையாலேயே துடைப்பார். கையில் ஒட்டிய கிரீஸையும் பெட்ரோலால்தான் கழுவுவார். சில வருடம் கழித்துத் தலைசுற்றல் என்றார். பிறகு பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது என்றார். அடிபடாமலே கைகளில் நீலம் பூத்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், உடம்பில் ரத்தம் ஊறவில்லை என்றார்கள். என்ன வேலை என்று விசாரித்த மருத்துவர், பெட்ரோலாகவும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றாராம்.

அக்கா அதை முதலாளியிடம் வந்து சொன்னபோது நானும் அவருடைய ஏசி அறையில் நின்றிருந்தேன். "ஈயத்தைத்தான் எடுத்துட்டாங்களே. இப்ப வர்ற பெட்ரோல் சுத்தம்மா. வெளிய போர்டே வச்சிருக்கமே" என்றவர், என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க தம்பி, கெமிஸ்ட்ரி படிச்சவரு." ஈயத்தை எடுத்தால் பெட்ரோல் முன்னதாகவே வெடித்து எஞ்சின் தட்டும், தட்டாமல் இருக்க அந்த வளையக் குடும்பத்தைத்தான் கூடுதலாகச் சேர்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். "ஆமாக்கா, ஈயம் இல்ல" என்றேன். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அடுத்த அறுவடைக்கு முன் அக்கா இறந்துபோனார்.

கருமாதி முடிந்த மறுநாள் அவர் கணவர் சாமான்களை எடுத்துப்போக வந்தார். டிபன் பாக்ஸையும் செருப்பையும் கொடுத்தேன். "அவ கையுறை, மூஞ்சிக்குப் போடுறது எல்லாம் எங்கங்க?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. அவர் வளைகுடாவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் கூலி. "அது இல்லாம எங்கள உள்ளயே விடமாட்டாங்க. அப்பப்ப ரத்தம் எடுத்தும் பாப்பாங்க. இங்கயும் குடுத்திருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றார். அறையிலிருந்து வெளியே வந்த முதலாளி, "அதெல்லாம் அந்த ஊர்லங்க" என்றார்.

அப்போதுதான் வாயைத் திறந்தேன். பென்சீன் ரத்தத்தை என்ன செய்யும், எப்படி மூச்சிலும் தோலிலும் உள்ளே போகும் என்று முதலாளியின் முகத்தைப் பார்த்தே சொன்னேன். இனி வேலைக்கு வரமாட்டேன் என்றும் சொன்னேன். கடைசிவரை கேட்ட அக்காவின் கணவர், "இத அவகிட்ட சொன்னீங்களா தம்பி?" என்றார். டிபன் பாக்ஸையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

இப்போது பெட்ரோலில் பென்சீனைக் குறைத்துவிட்டார்கள். குறைத்தார்கள், நீக்கவில்லை. போன வாரம் மயிலாடுதுறை போகும் வழியில் ஒரு பங்கில் வண்டியை நிறுத்தினேன். முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் குழாயைப் பிடித்து நின்றாள். துணி தூசியைத்தான் தடுக்கும், இந்த ஆவியைத் தடுக்காது, கையுறையும் சரியான முகமூடியும் கேளும்மா என்று இறங்கி நின்று சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"தெரியுங்க சார்" என்றாள். "எவ்வளவுக்குப் போடட்டும்?"