பேரை எடுத்துட்டுப் போடுறேன்

சபையின் வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மினாக இருப்பவனுக்குச் சம்பளம் கிடையாது, ஆனால் சபையார் மனசிலிருப்பதெல்லாம் அவன் போனில்தான் வந்து விழும். திருப்பதியில் எங்கள் தமிழ்ச் சபைக்கு அந்த ஆள் நான்தான். நீங்களும் ஏதாவது குரூப்பை நடத்தி மாட்டிக்கொண்டவரென்றால், தயவுசெய்து என்னைப் போல் செய்துவிடாதீர்கள்.

சித்தூர் பஸ்

ஆரம்பத்தில் யாரும் எந்தப் பெயரிலும் எழுதலாம் என்று விட்டிருந்தேன். ஒரு புது நம்பரிலிருந்து 'ஒரு விசுவாசி' எழுதினார்: 'பிரசங்கம் முடியறதுக்குள்ள சித்தூர் பஸ் போயிடுது.' சபைக்குச் சித்தூரிலிருந்து வருகிறவர் சாமுவேல் ஐயா ஒருவர்தான். அடுத்த ஞாயிறு பாஸ்டர் பாதிப் பிரசங்கத்தில் கடிகாரத்தைப் பார்த்து, சித்தூர் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் போகலாம் என்றார். எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. வாசலில் ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் பேரு போடலியே நைனா, எப்டி கண்டுபுடிச்சாங்க?"

சொந்தப் பெயர்

அதோடு, சொந்தப் பெயரில் எழுதாதவர்களை நீக்கச் சொல்லிவிட்டார் பாஸ்டர். மறுநாளிலிருந்து எல்லோரும் சொந்தப் பெயரில் 'ஆமென்' போட்டார்கள். வேதபாடம் பற்றிக் கருத்துக் கேட்டால் ஆமென். தண்ணீர் மோட்டார் ரிப்பேர் என்று போட்டேன், அதற்கும் ஆமென். ஏன் ஒருவரும் வாய் திறப்பதில்லை என்று பாட்டுக் குழு அக்காவிடம் கேட்டேன். "பேரு போடச் சொன்னீங்க, போட்டோம். பேசச் சொல்லலியே."

ஜெபத்துக்குத்தான்

அப்போதுதான் எனக்கு அறிவு அதிகமாகிவிட்டது. 'மனசுல இருக்கறத எனக்கு அனுப்புங்க, பேரை எடுத்துட்டுப் போடுறேன்' என்று அறிவித்தேன். முதலில் அனுப்பியது மெர்சி. ஸ்ரீ சிட்டியில் கம்பெனி வேலை பார்க்கிற பெண். கணவன் அடிக்கிறான், நாகலாபுரத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டால் பாவமா என்று கேட்டிருந்தாள். பெயரை எடுத்துவிட்டுப் போட்டேன். 'பாவமில்ல, போம்மா' என்று பலர் பதில் அனுப்பினார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அன்று சாப்பிடும்போது என் மனைவி, யார் அது என்று கேட்டாள். சொன்னேன். ஜெபம் பண்ணத்தான் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவள் உபவாச ஜெபம் நடத்தும் அக்காவிடம் சொன்னாள், அதுவும் ஜெபத்துக்குத்தான். வெள்ளிக்கிழமை அந்த அக்கா மைக்கில் மெர்சி பெயரைச் சொல்லி, அவள் அம்மா வீட்டுக்குப் போக வழி திறக்கும்படி அழுது ஜெபித்தார். முன்வரிசையில் மெர்சியின் மாமியார் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்தினேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: "நீங்க எதுக்குச் சொன்னீங்களோ, அதுக்குத்தான் நானும் சொன்னேன்."

ஆமென்

இரண்டு வாரம் கழித்து மெர்சி சபைக்கு வந்தாள். புடவையை இழுத்துக் கையை மூடியிருந்தாள். அம்மா வீட்டுக்கு விடவில்லை. வேலைக்கும் இப்போது கம்பெனி பஸ் வரை கணவனே கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருகிறானாம். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அதற்குள் அவளே பேசினாள். "பேரை மறைச்சிக்கினு விஷயத்தச் சொன்னேண்ணா. இனிமே பேரைப் போட்டுக்கினு விஷயத்த மறைச்சிக்கிறேன்."

இப்போது தினமும் காலையில் மெர்சி சொந்தப் பெயரில் 'ஆமென்' போடுகிறாள். அந்தக் குரூப்பிலிருந்து எடுக்க வேண்டிய பெயர் என்னுடையதுதான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்ற தைரியத்தில் நானும் அட்மினாகவே இருக்கிறேன்.